எனர்ஜி பாரின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சென்ற வாரம் ஆலோசனைக்கு வந்தவருக்கு நீரிழிவு. வேலை நிமித்தமாக நாளெல்லாம் வண்டியில் அலைபவர். மருந்து தவறுவதில்லை, இனிப்பைத் தொடுவதில்லை, ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது. வெளியே போகும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து இரண்டு எனர்ஜி பார்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது ஆர்கானிக். குளூட்டன்கூட இல்லாதது. இதனால் ஒன்றும் ஆகாதே" என்றார். உறையைத் திருப்பிப் பார்த்தேன். 50 கிராம் பாரில் 21 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோய் அவருக்குக் கிடையாது. குளூட்டனைத் தவிர்க்கும்படி அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை.

இப்படி ஒருவர் மட்டும் வந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எடை குறைக்க நினைக்கும் இளைஞர்கள், பிள்ளையின் பள்ளிப் பையில் தினமும் ஒன்றை வைத்து அனுப்பும் பெற்றோர், காலை உணவுக்கு நேரமில்லாதவர்கள் என்று பலரும் இதே வாக்கியத்தோடு வருகிறார்கள். உணவியல் நிபுணராக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆகவே ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். வெள்ளைச் சர்க்கரையில் குளூட்டன் இல்லை. எண்ணெயில் இல்லை. சோடா பானங்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. இவற்றின் மேல் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டால் அதில் பொய் எதுவும் இருக்காது. அதற்காகச் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொல்வார்களா? பாருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரிசி மாவும் மரவள்ளி மாவுச்சத்தும் போடும்போது பல நேரங்களில் நார்ச்சத்து குறைகிறது, இரத்தச் சர்க்கரை விரைவாக ஏறுகிறது. உதிராமல் பிடித்து நிறுத்துவதற்குப் பாகு வேண்டும், அதுவும் சர்க்கரைதான். நோய் இல்லாத ஒருவர் குளூட்டனைத் தவிர்ப்பதால் எடை குறையாது, சர்க்கரை குறையாது, சுறுசுறுப்பும் அதிகரிக்காது. தயவுசெய்து இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

உண்மையில் அந்த வாசகம் யாருக்குத் தேவை? சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. உலக மக்களில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது உண்டு, பலருக்கு இருப்பதே தெரியாது. இவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை. சீலியாக் இல்லாமலேயே குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சிலரும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தாமாகவே பல மாதங்கள் குளூட்டனை நிறுத்திவிட்டு, பிறகு இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இந்த நோயில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பான்களைத்தான் அந்தப் பரிசோதனை தேடுகிறது, குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவை இரத்தத்தில் தெரியும். நிறுத்திவிட்டுச் சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

இனி ஆர்கானிக். அது பயிர் எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றிய உறுதி. செயற்கை உரமும் பெரும்பாலான செயற்கைப் பூச்சிக்கொல்லிகளும் இல்லாமல் விளைந்தது என்பதற்காக அதை விரும்பி வாங்குகிறவர்களை நான் மதிக்கிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அந்த முத்திரையைப் போட, வேளாண் மூலப்பொருள்களில் குறைந்தது 95 சதவீதம் அப்படி விளைந்திருக்க வேண்டும். ஆனால் ஆர்கானிக் கோதுமையில் குளூட்டன் முழுமையாக இருக்கிறது. ஆர்கானிக் கரும்புச் சர்க்கரையும் 4 கிராமுக்கு ஒரு தேக்கரண்டிதான்.

இதை நம்பி மோசம்போனவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். சீலியாக் நோயுள்ள ஒரு மாணவி, ஆர்கானிக் என்பதைப் பார்த்ததும் பாதுகாப்பானது என்று நினைத்துத் தினமும் கல்லூரிக்கு எடுத்துச் சென்றாள். கோதுமை இல்லை என்று உறையில் இருந்தது உண்மை. மூலப்பொருள் பட்டியலில் ஐந்தாவதாக 'பார்லி மால்ட் சாறு' இருந்தது. பாருக்கு மணமும் நிறமும் தர மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, சேர்ப்பது வழக்கம். பொரித்த அரிசியில்கூட அது ஒளிந்திருக்கும். அமெரிக்கச் சட்டப்படி கோதுமையை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே சுட்டிக்காட்ட வேண்டும். பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தானியங்கள் எல்லாவற்றையும் பட்டியலிலேயே எடுப்பாகக் காட்ட வேண்டும். அயல்நாட்டுப் பாரை வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். 'கோதுமை இல்லாதது' என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

ஓட்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் அறுவடை இயந்திரத்திலும் ஆலையிலும் அது கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று சான்று பெற்ற ஓட்ஸை மட்டுமே சீலியாக் நோயாளிகள் எடுக்கலாம். அதுவும் ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் மருத்துவரின் கண்காணிப்பில் தொடங்குவது நல்லது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், குளூட்டன் இல்லாத உணவுக்கு வகுத்த வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 50 கிராம் பாரில் அது அதிகபட்சம் ஒரு மில்லிகிராம். இதைவிடக் கடுமையாக, கிலோவுக்கு 10 மில்லிகிராமில் நிற்கும் தனியார் சான்றுகளும் உண்டு. நோய் உறுதிசெய்யப்பட்டவர்கள் சான்று முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 'குளூட்டன் சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் சான்று ஆகாது.

நான் அதிகம் கவலைப்படுவது சர்க்கரையைப் பற்றித்தான். மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுகிறது. எது அதிகமோ அது முதலில் வரும். ஒரே சர்க்கரையை அதிகமாகப் போட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். மரவள்ளிப் பாகு கொஞ்சம், அகேவ் என்ற செடியின் பாகு கொஞ்சம், தேன் கொஞ்சம், பழச்சாற்றுச் செறிவு கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே போய்விடுகிறது, பாதாம் மேலே நிற்கிறது. நான்கையும் கூட்டிப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கிலோ கலோரி சாப்பிடுகிறவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். தேனும் பாகுகளும் பழச்சாற்றுச் செறிவும் இந்தக் கணக்கில் அடக்கம். முழுப் பேரீச்சம்பழம் அந்தக் கணக்கில் வராது, அதில் நார்ச்சத்தும் இருக்கிறது. ஆனாலும் அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பேரீச்சை மட்டுமே சேர்த்து 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று விற்கும் பாரை நீரிழிவு உள்ளவர்கள் அன்றைய மாவுச்சத்து, சர்க்கரைக் கணக்கில் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

பழுப்பரிசிப் பாகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்கானிக் பழுப்பரிசிப் பாகு சேர்ந்த உணவுகளில் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். நெல், தேங்கிய நீரில் வளர்வதால் மண்ணில் உள்ள ஆர்சனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சும். ஆர்கானிக் முறையில் பயிரிட்டாலும் அது மாறாது. எப்போதாவது ஒன்று சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். சிறு குழந்தைக்குத் தினமும் கொடுக்காதீர்கள்.

பாரைச் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, குளூட்டன் கலந்திருக்குமோ என்று கேட்பவர்கள் நிறைய. குளூட்டனைத் தேடுவதற்கு முன் சிக்கரி வேர் நார்ச்சத்து, இனுலின் என்ற நார்ச்சத்து, மால்ட்டிட்டால், சார்பிட்டால் என்ற சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டிகள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்க்கரை குறைவு, நார்ச்சத்து அதிகம் என்று சொல்லும் பார்களில் இவை சாதாரணம். எளிதில் பாதிக்கப்படும் குடலில் இவை வாயுவையும் பேதியையும் கொண்டுவரும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? அவசரத்துக்குப் பையில் ஒரு பார் இருப்பதில் தவறே இல்லை. முதல் மூலப்பொருள் கொட்டையாகவோ விதையாகவோ முழுத்தானியமாகவோ இருக்கட்டும். சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு பாரில் 6 கிராமைத் தாண்ட வேண்டாம். புரதம் 6 கிராமும் நார்ச்சத்து 3 கிராமும் இருந்தால் பசி தாங்கும். இது என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் அளவு. ஒரு பார் என்பது ஒரு பரிமாறலா, அதாவது ஒரு வேளைக்கான அளவா, இரண்டா என்று பாருங்கள். ஒரே உறைக்குள் இரண்டு பரிமாறல் என்று எழுதி, ஒன்றுக்கான அளவை மட்டும் போட்டிருப்பார்கள். இரண்டு பார்களை ஒப்பிடும்போது 100 கிராமுக்கான எண்களையே ஒப்பிடுங்கள். ஓடுகிறவர்களுக்கும் நீண்ட தூரம் மிதிவண்டி மிதிப்பவர்களுக்கும் சர்க்கரை தேவைப்படும். 1986-இல் பவர்பார் என்ற எனர்ஜி பார் நிறுவனத்தைத் தொடங்கிய பிரையன் மேக்ஸ்வெல் ஒரு மாரத்தான் ஓட்டக்காரர், அது அவர்களுக்காகத் தோன்றிய பண்டம். இருக்கையில் அமர்ந்தபடி பயணம் செய்பவருக்கு அந்த அளவு சர்க்கரை எதற்கு? ஒரு கைப்பிடி வறுத்த கொட்டையும் ஒரு பழமும் அந்த வேலையைச் செய்துவிடும்.

குளூட்டன் இல்லாத பார்கள் பலவற்றில் மாவுக்குப் பதிலாகப் பாதாமும் முந்திரியும் வேர்க்கடலையும் நிறைந்திருக்கும். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பகிர்ந்து கொடுக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தால் கொட்டையின் எண்ணெய் காறிவிடும். சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள், பாகு பல்லிடுக்கில் நெடுநேரம் தங்கும்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழியில் சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கும்போது எனர்ஜி பாரைப் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பும் நாரும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ், இல்லையென்றால் அரை டம்ளர் பழச்சாறு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதனை. பார் அதற்குப் பிறகு.