மிஸ்ட் இறங்கினால் ஜூமை நம்பாதீர்கள்

"அண்ணா, இதுல எம் பையன் எங்க இருக்கான்?"

குன்னூரில் என் ஸ்டுடியோ கவுண்டரில் நின்று ஓர் அம்மா கேட்ட கேள்வி. ஆகஸ்ட் மாதம், 14 வயதுக்குட்பட்டோர் கால்பந்து, ஊட்டியில் ஒரு மைதானம். அன்று நானூறு படத்துக்கு மேல் எடுத்திருந்தேன். கூரைக்கு அடியில் நனையாமல் வசதியாக நின்று, 70-200 எம்.எம். ஜூம் லென்ஸை 200 வரை முழுசாக நீட்டி எடுத்தவை. திரையில் வரிசையாக மிஸ்ட்டின் (மலை மூடுபனியின்) சாம்பல் நிறம். அதற்குள் கொஞ்சம் அடர்ந்த சாம்பலாகச் சில பிள்ளைகள். அந்த அம்மா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், கடைசியில் சாக்ஸை வைத்துக் கண்டுபிடித்தார். பையனுக்கு ஒரு கால் சாக்ஸ் எப்போதும் கீழே இறங்கிவிடுமாம். காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை.

நீலகிரி மலையில் பிள்ளைகளின் விளையாட்டை வெயில் நாள் பார்த்து வைக்க முடியாது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கத்தைப் பிரித்து மேயும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது நினைவிருக்கலாம். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் என்று பி.டி. சார்கள் ஓடிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஆக, மிஸ்ட் விலகட்டும் என்று காத்திருப்பவர் இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் போட்டோ எடுக்க முடியாது.

அன்று நான் செய்த தப்பு எளிமையானது. தூரத்தில் இருப்பதை ஜூம் கிட்டே கொண்டுவரும் என்று நம்பினேன். பிள்ளையைப் பெரிதாக்கிக் காட்டும், சரிதான். ஆனால் அவனுக்கும் லென்ஸுக்கும் நடுவே தொங்கும் நீர்த்துளிகளை ஜூம் ஒன்றும் செய்யாது. மிஸ்ட் தெளிவைத் தின்னும் கணக்கு பெருக்கல் கணக்கு. 30 மீட்டரில் பாதித் தெளிவு போனால், 60 மீட்டரில் மிஞ்சுவது கால், 90 மீட்டரில் அரைக்கால். பெரிய கால்பந்து மைதானத்தின் நீளமே 90 மீட்டருக்குக் குறையாது. எதிர்க்கோலில் நடப்பதை இந்தப் பக்கம் நின்று எடுப்பவர் அரைக்காலை வைத்துத்தான் படம் பண்ணவேண்டும். எந்த சாஃப்ட்வேராலும் மீதி ஏழு பங்கைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மூட்டம் நீக்கும் ஸ்லைடரை இழுத்தால் கறுப்பு ஏறும், புள்ளி பொரியும், பிள்ளையின் முகம் கரி பூசினாற்போல் ஆகும்.

அதனால் இப்போது மிஸ்ட் இறங்கியதும் நான் செய்யும் முதல் வேலை நடப்பது. கோல் கம்பத்துக்குப் பின்னால், கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். பந்து என்னிடம் வரும் வரைக்கும் காத்திருப்பு. ஆட்டத்தின் முக்கால்வாசி எனக்குக் கிடைக்காது, கவலையில்லை. வரும் கால்வாசி 15, 20 மீட்டருக்குள் நடக்கும். சேறு தெறிப்பது வரை படத்தில் இருக்கும்.

வெளிச்சக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், நிறைய பெற்றோர் கேட்பதால். ஓடும் பிள்ளையை உறைய வைக்க ஷட்டர் 1/1000 (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறப்பது) இருந்தால் நிம்மதி. 1/500-க்குக் கீழே போனால் கால் கலங்கும். எஃப் என்பது லென்ஸ் திறப்பின் எண், எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் வரும்; ஐ.எஸ்.ஓ. என்பது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு. மூட்டமான பகலில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 800-லேயே 1/1000 கிடைக்கும். மாலை நாலு மணிக்கு மிஸ்ட் கனத்தால் 3200 வேண்டிவரும். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ் நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடும். அதே வெளிச்சத்துக்கு அது நாலு மடங்கு கேட்கும், அதாவது 12800. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தை அம்மாக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கலங்கிய படத்தை எவரும் ஏற்பதில்லை.

இன்னொரு கோளாறு, வெள்ளை மூட்டத்தைப் பார்த்து கேமரா ஏமாந்துபோகும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். கேமராவின் +/- அளவில் முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள். பத்து நிமிஷத்தில் மேகம் கிழிந்து மலை வெயில் சுள்ளென்று அடித்தால் உடனே இறக்கவும் வேண்டும். மறந்தால் வெள்ளை ஜெர்ஸி வெறும் வெள்ளைத் தாள்.

ஃபோகஸுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். மிஸ்ட்டில் முகத்தில் விளிம்பே இருக்காது, லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து ஜெர்ஸி எண்ணையோ சாக்ஸின் கோட்டையோ பிடியுங்கள்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கோத்தகிரி ரோட்டில் ராத்திரி மிஸ்ட்டுக்குள் ஹைபீம் போட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும், வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். அதோடு, பாயத் தயாராக நிற்கும் கோல்கீப்பரின் கண்ணில் அடிப்பது அநியாயம்.

மழைக்குத் தப்பி உள்ளரங்கில் ஷட்டில் எடுக்கப் போனால் வேறொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். 1/1000-இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் பட்டை பட்டையாகவும் வரும். கேமராவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 1/100-க்கு இறங்கி, ஸ்மாஷை விட்டுவிட்டு சர்வீஸ் போடும் நொடியை எடுங்கள்.

இனி டீக்கடை. ஆட்டம் முடிந்ததும் குளிரிலிருந்து நேரே உள்ளே போய், பாய்லர் ஆவிக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துவிட்டு வர்க்கி கடிப்போம். ஜில்லென்ற கண்ணாடியில் உடனே நீர் பூக்கும். வெளியே பூத்தால் துடைக்கலாம், உள்ளே பூத்தால்? இரண்டு வருஷம் இப்படியே செய்து ஒரு லென்ஸைக் கெடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள், அதுதான் பூஞ்சை. மைதானத்திலேயே பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தும் ஒரு மணி நேரம் திறக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும். அரிசியில் புதைப்பது தூசியைத்தான் ஏற்றும். டிசம்பர் உறைபனிக் காலையில் மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள், குளிரில் சீக்கிரம் கையை விரித்துவிடும்.

கிட்டே போவதில் ஒரு பொறுப்பும் உண்டு. கோட்டோரம் கேமரா பை, மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) எதுவும் கிடக்கக் கூடாது. சேற்றில் சறுக்கி வரும் பிள்ளை எங்கே நிற்பான் என்று அவனுக்கே தெரியாது. இடி கேட்டால் நான் எடுப்பதை நிறுத்திவிடுவேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிகூட இல்லையென்றால் எல்லோரும் கட்டடத்துக்குள் போகவேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் காத்திருக்கவேண்டும். கற்பூர மரத்தடி (யூகலிப்டஸ் மரத்தடி) ஒதுங்கும் இடமல்ல. காற்றில் கிளை முறிந்து விழும்.

குரூப் போட்டோவை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இதைச் சார்களிடம் சண்டை போட்டே வாங்குகிறேன். ஆட்டம் முடிந்து, நனைந்த ஜெர்ஸியோடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சிறப்பு விருந்தினர் வரும் வரை பற்கள் கிட்டித்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வருஷம் ஒரு சின்னப் பெண்ணின் உதடு நீலமாக இருந்ததை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நேரில் நின்றபோது எனக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான்.

மழையில் உடுப்பு ஒட்டிக்கிடக்கும் படங்களை அன்றைக்கே அழித்துவிடுகிறேன், கேட்டாலும் கொடுப்பதில்லை. பெயர், பள்ளி, மைதானம் மூன்றையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போடுவதுமில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. பெற்றோரின் ஒப்புதல் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், கேட்டுவிட்டுப் போடுவதில் நமக்கென்ன குறைந்துவிடும்?

போன அக்டோபரில் கோத்தகிரியில் ஓர் ஆட்டம். வழக்கம்போல் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதி மைதானம் காணாமல் போனது. நடுவரையும் காணோம், விசில் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. கோல்கீப்பர், பன்னிரண்டு வயதிருக்கும், கையுறை இரண்டு சைஸ் பெரிது. திரும்பாமலே மெதுவாகக் கேட்டான்.

"அண்ணா, பந்து எந்தப் பக்கம் இருக்கு, தெரியுதா?"

"எனக்கும் தெரியலடா."

அவன் தலையைச் சாய்த்து, காதை மைதானத்துப் பக்கம் கொடுத்து நின்றான். நாலு மீட்டர் தூரம், 35 எம்.எம். லென்ஸ், 1/500. எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அவன் ஓடிவந்து, "காட்டுங்கண்ணா" என்று ஈரக் கையுறையோடு கேமராத் திரையைத் தொட்டான்.