கருக்கால மிகைவாந்தி: மசக்கை என்ற சொல் போதாத இடம்

ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம். கிழக்கிலங்கையின் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஆஸ்பத்திரி வாட்டில் சேலைன் ஏற்றிப் படுத்திருக்கும் கர்ப்பிணியின் நோய்க்குறிப்பில் இந்தப் பெயரைக் காணலாம். அதே பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது வேறு சொல்: "மசக்கைதானே மகள், மூணு மாசம் போனாச் சரியாகிரும்."

ஹைப்பர் என்றால் மிகுதி, எமெசிஸ் என்றால் வாந்தி, இரண்டும் கிரேக்கம். கிராவிடாரம் இலத்தீன், கர்ப்பிணிகளுடையது என்று பொருள்.

மசக்கை நம் சொல். மசங்குதல், அதாவது மங்குதல், மயங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் மூத்தது வயா. 'வயா என்கிளவி வேட்கைப் பெருக்கம்' என்கிறது தொல்காப்பியம். வயவுறு மகளிர் ஆசைப்பட்டு உண்டாலொழியப் பகைவர் உண்ண முடியாத மண் என்று சேரனின் நாட்டைப் பாடுகிறது புறநானூறு 20ஆம் பாட்டு. கர்ப்பிணி மண் தின்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. ஆக, ஒரு சொல் மயக்கத்தைச் சொல்கிறது, மற்றது ஆசையைச் சொல்கிறது. இரண்டிலும் வாந்தி இல்லை. வாந்திக்கும் குமட்டலுக்கும் எங்கள் பக்கம் சத்தி, ஓங்காளம் என்று தனிச் சொற்கள் உண்டு.

சாதாரண மசக்கை பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வரும். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. மிகைவாந்தி சிலருக்கே வரும். குடித்த தண்ணீரும் தங்காது. சலம் (சிறுநீர்) குறைந்து கடுமஞ்சளாகப் போகும், சோதித்தால் அதில் கீற்றோன், அதாவது சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள், இருக்கும். கர்ப்பத்துக்கு முந்திய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும். 50 கிலோப் பெண்ணுக்கு அது இரண்டரைக் கிலோ. சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹோர்மோனுக்கு இதில் பெரும் பங்குண்டு என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. தாயின் மனப்பலவீனம், செல்லம் என்ற பேச்சை இனியாவது விடவேண்டும்.

பிறக்கும் பிள்ளையின் எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது குறைந்த பிறப்பெடை. மிகைவாந்தி கண்ட தாய்மாருக்கெல்லாம் சின்னப் பிள்ளை பிறப்பதில்லை. 2006இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது: மிகைவாந்தி வந்து, கர்ப்பகாலம் முழுவதிலும் 7 கிலோகூட ஏறாத தாய்மாரிடமே எடை குறைந்த பிள்ளைகளும் குறைமாதப் பிரசவங்களும் கூடுதலாகக் காணப்பட்டன. 7 கிலோவும் அதற்கு மேலும் ஏறியவர்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். எனவே சத்தி நின்றதோடு கவலை முடிந்ததென்று இருக்கக் கூடாது. கிளினிக் அட்டையில் எடை ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்க்கவேண்டும். இறங்கிய எடையைப் பிந்திய மாதங்களில் மீட்டுக்கொள்ள இடமிருக்கிறது.

தமிழில் 'கடும் மசக்கை' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மசக்கை என்று காதில் விழுந்ததுமே வீட்டார் புளியங்காயையும் நாரங்காயையும் தேடுவார்கள், ஆஸ்பத்திரியை நினைக்கமாட்டார்கள். 'கருக்கால மிகைவாந்தி' என்றால் நோய் என்பது விளங்கும், மூலச்சொல்லின் பொருளும் முழுதாக வந்துவிடும். எழுத்தில் இதையே வழங்கலாம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலும் வெயிலுமாக இருக்கிற கர்ப்பிணிப் பிள்ளைக்கு இந்தச் சொல் தேவையில்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் "தண்ணியும் தங்குதில்ல, காலையில இருந்து சலமும் போகல்ல" என்று சொன்னாலே போதும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்.