ஒரு மணி நேர பேட்ச்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஒரே ஆள் ஏறக்கூடிய படிக்கட்டின் உச்சியில் இருந்தது நான் போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பிளஸ் டூ முடித்த லீவில் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதிய யாரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள், இதைச் சொல்வார்கள். எனக்கு ஒரு வியாதி இருந்தது. ஓர் எழுத்து தப்பினாலும் தாளை உருவிவிட்டுப் புதுத்தாள் செருகுவேன். நான்காவது தாளில் மாஸ்டர் வந்து நின்றார். “தப்பு வந்தா வரட்டும்ப்பா. நிறுத்தாம கடைசி வரி வரைக்கும் அடி. சுழிக்கிறது என் வேலை.”

லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பயம் வந்து, தினமும் மூன்று மணி நேரம் உட்காரட்டுமா என்று கேட்டேன். ஆளுக்குத் தினம் ஒரு மணி நேரம்தான், முடியாது என்றுவிட்டார். இருந்தது பத்து மெஷின், அடுத்த பேட்ச் படிக்கட்டில் நிற்கும், அவ்வளவுதான் காரணம். மெஷின் பற்றாக்குறையால் வந்த அந்த விதி, மூளை கற்றுக்கொள்ளும் விதத்தோடு அழகாகப் பொருந்திப்போனது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

இதே கேள்வி பிரிட்டன் அஞ்சல் துறைக்கும் வந்திருக்கிறது. கடிதங்களை இயந்திரத்தால் பிரிக்க, தபால்காரர்களுக்கு டைப் அடிக்கக் கற்றுத்தர வேண்டியிருந்தது. உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாகத் தினம் நான்கு. மற்ற இரண்டும் இடைப்பட்டவை. 1978ல் வெளியான முடிவு இது: ஒரு மணி நேரக்காரர்கள் 55 மணி நேரத்தில் எட்டிய திறனுக்கு, நான்கு மணி நேரக்காரர்களுக்கு 80 மணி நேரம் பிடித்தது. நாள் கணக்கில் பார்த்தால் நான்கு மணி நேரக்காரர்கள்தான் முந்தினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல மாதம் கழித்துச் சோதித்தபோது அதிகம் மறந்திருந்தவர்களும் அவர்களே.

ஏன் இப்படி? ஒரு பதில் கடலிலிருந்து வந்தது. நரம்பியல் அறிஞர் எரிக் காண்டல் கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத கடல் நத்தையை வைத்து நினைவை ஆராய்ந்தார். அதற்காக 2000ல் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பிராணியை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால், ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டு விட்டுவிடும். ஒரே மூச்சில் 40 முறை தொட்டால் இந்தப் பாடம் ஒரு நாள்தான் நிற்கும். தினம் பத்து முறையாக நான்கு நாள் தொட்டால் வாரக்கணக்கில் நிற்கும். தொடுகை அதே நாற்பதுதான். குறுகிய கால நினைவுக்கு நரம்பணுக்களிடையே ஏற்கெனவே உள்ள இணைப்பு சற்று மாறினால் போதும். நீண்ட கால நினைவுக்கு அணுக்கருவில் சில மரபணுக்கள் விழித்து, புதுப் புரதம் உருவாகி, இணைப்புகளின் வடிவமே மாற வேண்டும். கான்கிரீட் போட்ட தளம் போல, அதற்கு இடைவெளி விட்டாக வேண்டும்.

இடைவெளியில் தூக்கமும் வருகிறது. 2002ல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரும் கூட்டாளிகளும் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களை இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையை வேகமாகத் தட்டச் சொன்னார்கள். காலையில் பழகியவர்கள் மாலையில் வந்தபோது சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. தூங்கி எழுந்து வந்தபோது வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது, பிழை கூடவில்லை. அதில் ஒரு பங்கு வெறும் களைப்பு நீங்கியதால் வந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. இருந்தாலும் கணக்கு எளிது. அறுபது நாள் ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அறுபது இரவு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஒழியட்டும், அப்போது ஒழுங்காக உட்காரலாம் என்று காத்திருப்பவருக்கு ஒன்று.

சரி, தப்பு? நான் தாளை உருவியது தப்பைக் கண்ணால் பார்க்கக் கூச்சப்பட்டு. உடல் அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நினைத்தது ஒன்று, விரல் செய்தது வேறு என்றால், அந்தச் செய்தி ஒரு தனி நரம்பு இழை வழியே அங்கே போகும். அந்த நொடியில் வேலைசெய்துகொண்டிருந்த இணைப்புகள் கொஞ்சம் பலவீனமாகும். ஜப்பானின் மசாவோ இட்டோ குழு 1982ல் இப்படிப் பலவீனமாவதைச் சோதனையில் காட்டியது. நான் புதுத்தாளைச் செருகி நேராக்கும் அரை நிமிடத்தில், பக்கத்து மெஷின்காரர் எழுபது தட்டாவது தட்டியிருப்பார். சரியோ தப்போ, எழுபதும் அவர் சிறுமூளைக்குப் பாடம்.

இப்போது ஓஎம்ஆரில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி, பைதான் கோர்ஸை ஒரு சந்தேகம்கூட இல்லாமல் முடித்த பிறகுதான் சொந்தமாக ஒரு வரி எழுதுவேன் என்கிறான். ஒரு வருடமாக மூன்றாம் பாடத்தில் நிற்கிறான். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் “போச்சு, திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கிறேன்” என்பான். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரிடம் ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார். அந்தப் பதிவுகளை முன்னோக்கி நீட்டிக் கணக்கிட்டதில், பழக்கம் தானாக வருவதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது, நடுமதிப்பு 66. ஒரு நாள் தவறியதால் அந்த வளர்ச்சி குறிப்பிடும்படி கெடவில்லை. ஐப்பசி மழையில் தெரு முழங்கால் ஆழத்தில் மூழ்கி எங்கள் இன்ஸ்டிட்யூட் மூன்று நாள் மூடியபோதும், திரும்பி வந்த எங்களை யாரும் முதல் பக்கத்துக்கு அனுப்பவில்லை.

தபால்காரர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது: உங்கள் பயிற்சி முறை பிடித்திருந்ததா? அதிகம் சலித்துக்கொண்டது அந்த ஒரு மணி நேரக் குழு. செலவிட்ட மணி நேரத்தைக் கணக்குப் பார்த்தால் மற்றவர்களைவிட நன்றாகக் கற்றவர்கள், நாள்கணக்கில் பின்தங்கியிருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்குதான் ஓடியது. “பக்கத்து வீட்டுப் பொண்ணு ஹையரே முடிச்சிட்டா,” என்றாள் அம்மா, “நீ இன்னும் ஜே ஹெச் ஜேலயே நிக்கிற.”