எம்ஜிபி வாங்குமுன் கதவடியைப் பாருங்கள்

கொழும்பில் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறந்து எஞ்சின் ஓசையைத்தான் முதலில் கேட்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிடலாம். 1962 முதல் 1980 வரை வந்த இந்தக் காருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளுக்கே. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் காரில் உப்புக்காற்று தின்பதும் அவற்றைத்தான்.

முன் சில்லு எறியும் சேறு மட்காட்டின் உட்புறத் தடுப்புக்குப் பின்னால் தங்கி, பெட்டியின் முன்முனையை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். துணி சுற்றிய காந்தத்தைக் கதவடியில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பூச்சு. பிறகு கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனித்துவிட்டு அந்தப் பக்கத்தை ஜாக்கில் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ, அந்தக் காருக்கு விலையே பேச வேண்டாம்.

வெளித்தகட்டை மட்டும் மாற்றி மூடுவது ஏமாற்று வேலை. நடுத்தகடு, உள்தகடு, அடி ரெயில் எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுமுன் டிங்கர் பாஸ் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் வெல்ட் செய்ய வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். தவறினால் காரின் பொடி (உடற்பகுதி) தொய்ந்து, கதவு பிறகு பொருந்தவே பொருந்தாது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் இன்றும் புதுத் தகடுகள் செய்கிறது; ஒட்டுப்போட அவசியமில்லை. முடிந்ததும் உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடித்து, நீர்வடி துளைகளை அடைக்காமல் விடுங்கள். ஈரத்தை அடைத்துவைக்கும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம்.

காலி வீதி நெரிசலில் எஞ்சின் நின்றுபோனால், கார்புரேட்டரும் எக்ஸோஸ்ட்டும் ஒரே பக்கம் இருப்பதை நினைத்து, இடையிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைப் பாருங்கள். அநேகமாக யாரோ கழற்றியிருப்பார்கள். 1967 வரையான கார்களில் பட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு சேரும். பட்டரி மாற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். டாட் 4 பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: புதிதில் 230 பாகை செல்சியஸுக்குக் குறையாத கொதிநிலை, ஈரமேறினால் 155 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டு என்பது பொதுக் கணக்கு. இந்த ஊர் ஈரத்துக்கு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். கூடவே ரப்பர் ஹோஸ்களையும் வளைத்து வெடிப்புப் பாருங்கள். ஆரம்பகாலக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்வழிதான். ஓரிடம் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும், கைபிரேக் மட்டுமே மிஞ்சும்.