வயதோடு சேர்த்து எண்ண வேண்டிய நீர்க்கட்டிகள்

தகப்பனுக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டி, டயாலிசிஸ் நடக்கிறது. மகனுக்கு 22 வயது. வெள்ளவத்தையில் ஸ்கேன் எடுத்தால் 'ஒன்றுமில்லை' என்று றிப்போர்ட் வருகிறது. வீட்டார் நிம்மதியடைகிறார்கள். ஆனால் அந்த நிம்மதிக்கு இன்னும் வயது வரவில்லை.

பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில் தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. பெரும்பாலும் பழுது இருப்பது 16ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பிகேடி1 மரபணுவில். 4ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பிகேடி2 என்றால் கட்டிகள் இன்னும் மெதுவாக வளரும். இளவயது ஸ்கேன் கோட்டைவிடுவதும் அங்கேதான் அதிகம். 1 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டி அல்ட்ராசவுண்டில் எளிதில் தப்பிவிடும்.

குடும்பத்தில் நோய் உறுதியாகியிருந்தால், 15 முதல் 39 வயதுவரை இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து 3 கட்டிகளே 'நோய் உண்டு' என்று சொல்லப் போதும். 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் 2, அதற்கு மேல் ஒவ்வொன்றிலும் 4 வேண்டும். நோயே இல்லாதவர்களுக்கும் வயது போகப் போக ஓரிரு கட்டி வருவதால்தான் இந்த ஏற்றம். 'இல்லை' என்று சொல்வது இதைவிடக் கடினம். 40 கடந்தவருக்கு மொத்தம் 2க்குக் குறைவென்றால் சொல்லலாம். 22 வயதில் அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பி அப்படிச் சொல்லக்கூடாது. அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வரும் தம்பிக்கு எம்ஆர்ஐ வேண்டும்: 16 முதல் 40 வயதில் 5க்குக் குறைவென்றால் நோயில்லை, 10க்கு மேலென்றால் உறுதி. இடையில் நின்றால் மரபணுப் பரிசோதனை.

கட்டி திரையில் முழுக் கறுப்பாக, மெல்லிய சுவரோடு, பின்புறம் பளிச்சென்று தெரியும். திரவம் ஒலியை அதிகம் விழுங்காததால் அந்தப் பளிச்சு. இளையோரின் சிறுநீரகப் பிரமிட்டுகளும் (சிறுநீரகத்தின் உட்பகுதியிலுள்ள கூம்பு வடிவத் திசுக்கள்) கருமையாகத் தெரிவதால் கட்டியென்று பிழையாக எண்ணப்படுவதுண்டு. ஸ்கேன் துண்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தால், பார்ப்பவர் 2 கட்டிகளைச் சாதாரணமாக விட்டுவிடக்கூடும். தகப்பனின் றிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

பெரும்பாலான கட்டிகளைத் தொடவே தேவையில்லை. ஒரு பெரிய கட்டி விடாமல் வலித்தாலோ, மருந்துக்குக் கேட்காமல் சீழ் பிடித்தாலோதான் ஊசி குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சுவார்கள். முதலில் இரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று பார்த்து, தோலை விறைக்கச் செய்வார்கள். ஊசி முழு நீளத்துக்கும் திரையில் தெரிய வேண்டும். குறுக்குவெட்டில் தெரிவது வெறும் வெள்ளைப் புள்ளி. அது நுனியா தண்டா என்று பிரித்தறிய முடியாது, நுனி கட்டியைத் தாண்டிப் போயிருக்கலாம்.

திரவத்தை உறிஞ்சியதோடு நிறுத்தினால் உட்சுவர் சுரந்து மறுபடி நிரப்பிவிடும். ஆகவே அந்தச் சுவரின் சுரப்பை நிறுத்தச் செறிந்த எத்தனோலை (மதுசாரம்) செலுத்தி, சற்று நேரம் நோயாளியைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து, மீண்டும் உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கு முன் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. சாயம் சிறுநீர்ப் பாதைக்குள் போனால் எத்தனோலும் போகும். பாதை தழும்பேறிச் சுருங்கிவிடும். சீழ்க் கட்டிக்கு எத்தனோல் கிடையாது, வடிகுழாய்தான்.

இவையெல்லாம் வலியையும் சீழையும் தீர்க்கும். சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கூட்டாது. அதைக் காப்பதில் பெரும்பங்கு இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கு. சிறுநீரகம் தளர்வதற்கு முன்பே அழுத்தம் ஏறத் தொடங்குவதால், ஸ்கேனில் ஒன்றுமில்லாத அந்த 22 வயது மகனும் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பார்க்க வேண்டும்.