விசை, வேலை: ஒரு சொல் விளக்கம்

கனமான பையொன்றைக் கையில் பிடித்தபடி கால்மணி நேரம் அசையாமல் நின்ற மாணவரிடம், நீ செய்த வேலை சுழியம் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னால், அவர் அதை ஏற்கத் தயங்குவது இயல்பே. தோள் வலிக்கிறது, நெற்றி வியர்க்கிறது, பையின் பிடி அழுந்திய விரல்கள் சிவந்திருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு வேலையே நடக்கவில்லை என்றால் அது அவருடைய அனுபவத்துக்கு மட்டுமன்று, அவர் பேசும் தமிழுக்கும் முரணாகவே படும். இந்த முரண் இயற்கையில் இல்லை. ‘வேலை’ என்ற ஒரே சொல்லை ஆசிரியரும் மாணவரும் இரு வேறு பொருளில் ஆள்வதால் எழுவது அது. விசை, வேலை ஆகிய இரண்டும் அன்றாடப் பேச்சிலிருந்து அறிவியலுக்குள் சென்ற சொற்கள் என்பதையும், செல்லும்போது தம் பழைய பொருளில் எதை விட்டுச் சென்றன என்பதையும் முதலில் விளக்கிவிட்டால், சூத்திரம் தானே விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் விசை. இது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். விரைவு, துள்ளல், வளைத்து விட்டால் திரும்பும் மீள்தன்மை, கருவியை இயக்கும் பொறி எனப் பல பொருள்களை அகராதிகள் இதற்குத் தருகின்றன. ‘ஒரு விசை’ என்றால் ‘ஒரு முறை’ என்ற பொருளும் உண்டு. வீசு, விசிறு ஆகிய சொற்களோடு இதை ஓரினமாக வைத்துப் பார்ப்பது பொருத்தமானது. கையை வீசும்போதும், விசிறியை அசைக்கும்போதும், வளைந்த கொம்பு விடுபட்டு விசையோடு நிமிரும்போதும், ஒரு பொருளை இருந்த நிலையிலிருந்து மாற்றும் உந்துதல் ஒன்று பொதுவாக இருக்கிறது. விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை, விசையாழி போன்ற இக்காலத் தொடர்கள் பொறி என்னும் பொருளை ஒட்டி அமைந்தவை. அவற்றில் வரும் விசையை இயற்பியல் விசையாகக் கொள்ளக் கூடாது என்பதை வகுப்பில் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் நல்ல தேர்வைச் செய்திருக்கிறார்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி ஆகிய மொழிகள் இதே கருத்துக்கு ‘பலம்’ என்னும் வடசொல்லின் வடிவங்களை ஆள்கின்றன. பலம் என்பது ஒருவரிடம் இருக்கும் தன்மையைச் சுட்டும் சொல். உறங்கிக்கொண்டிருக்கும் மல்லருக்கும் பலம் உண்டு. விசையோ செயலின் பக்கம் நிற்பது. நியூட்டன் 1687ஆம் ஆண்டு இலத்தீனில் வெளியிட்ட நூலில் இக்கருத்துக்கு ஆண்ட சொல் ‘விஸ்’ என்பது. ஒலியில் அது விசைக்கு மிக நெருக்கமாக இருந்தாலும் இரண்டுக்கும் வேர்த்தொடர்பு கிடையாது. தற்செயலான ஒப்புமை மட்டுமே.

இயற்பியலில் விசை என்பது ஒரு பொருளின் இயக்க நிலையை அல்லது வடிவத்தை மாற்றும், அல்லது மாற்ற முனையும், தள்ளுதலோ இழுத்தலோ ஆகும். அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் திசைவேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் மாற்றும் விசையே ஒரு நியூட்டன். இந்தப் பெயரை 1948ஆம் ஆண்டு எடைகள், அளவுகள் பற்றிய பன்னாட்டுப் பொது மாநாடு ஏற்றது. வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, 100 கிராம் நிறையுள்ள ஒரு பொருளை உள்ளங்கையில் வைத்து, இது கையை அழுத்துவது ஏறத்தாழ ஒரு நியூட்டன் என்று உணரச் செய்வது பயனுடையது. பற்பசைக் குழாயைப் பிதுக்குவதும், கதவைத் தள்ளுவதும், இழுப்பறையை இழுப்பதும் விசைகள்தாம். நாம் வழுக்காமல் நடப்பதற்குக் காரணமும் ஒரு விசைதான்: கால் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை உராய்வின் வழியே நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. உராய்வு எப்போதும் இயக்கத்தைத் தடுப்பது என்று மட்டும் படித்த மாணவர் இந்த இடத்தில் வியப்படைவார்.

ஆனால் இந்தச் சொல்லில் ஒரு சிக்கலும் இருக்கிறது. விசைக்கு வேகம் என்ற பழம்பொருளும் இருப்பதால், ‘பந்து விசையோடு வருகிறது’ என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். அதைக் கேட்டு வளர்ந்த மாணவர், மேலே எறிந்த பந்துக்குள் எறிந்த கையின் விசை தங்கியிருக்கிறது என்றும், அது தீர்ந்தவுடன் பந்து விழுகிறது என்றும் நம்புகிறார். இந்த நம்பிக்கைக்காக அவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் பிலோப்பொனஸும் 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பியூரிடனும் ஏறத்தாழ இதையே ஆழ்ந்து சிந்தித்து எழுதினார்கள். கலீலியோவும் நியூட்டனும் வந்த பிறகுதான் அது மாறியது. கையை விட்டு நீங்கிய பந்தின் மீது கையின் விசை எதுவும் இல்லை. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் புவியீர்ப்பு விசை ஒன்றே அதன் மீது செயல்படுகிறது, ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும். பந்து தன்னோடு எடுத்துச் செல்வதற்கு இயற்பியல் தரும் பெயர் உந்தம்; நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது அது.

இதைத் தவிர்க்க இலக்கணமே வழி காட்டுகிறது. ‘பந்தில் விசை இருக்கிறது’ என்று எழுதும் மாணவரிடம், ‘எது எதன் மீது செலுத்தும் விசை?’ என்று கேட்க வேண்டும். விசை என்றால் செலுத்துவது ஒன்று, செலுத்தப்படுவது ஒன்று என இரண்டு பொருள்கள் கட்டாயம் வேண்டும். இரண்டையும் பெயர் சொல்லிக் காட்ட முடியாத இடத்தில் விசை இல்லை. மேசை மேல் அசையாது கிடக்கும் புத்தகத்துக்கு இந்தக் கேள்வியைப் பொருத்தினால், பூமி புத்தகத்தைக் கீழே இழுப்பதும் மேசை புத்தகத்தை மேலே தாங்குவதும் தனித்தனியே வெளிப்படும்.

இதே காரணத்தால், நியூட்டனின் மூன்றாம் விதியை ‘ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு’ என்று கூறுவதில் எனக்கு மனநிறைவு இல்லை. வினை என்ற சொல்லின் பின்னால் வினைப்பயன் என்னும் கருத்து தொடர்ந்து வருகிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற பழமொழியில் விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. அந்தப் பழக்கத்தில் மாணவர், முதலில் வினை நிகழ்ந்து பிறகு எதிர்வினை தோன்றுகிறது என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் இரண்டும் ஒரே கணத்தில், இரு வேறு பொருள்கள் மீது நிகழ்பவை. விசை, எதிர்விசை என்று சொல்வதே தெளிவானது. இலங்கைப் பாடநூல்களில் இவை தாக்கம், மறுதாக்கம் என்று வழங்குகின்றன.

இனி வேலை. இச்சொல்லின் வரலாறு வியப்பூட்டுவது. கம்பர் ‘வேலை’ என்று சொல்லும் பல இடங்களில் அதற்குக் கடல் என்பதே பொருள். எல்லை, கரை, காலம் ஆகியவற்றைக் குறிக்கும் ‘வேலா’ என்னும் வடசொல்லிலிருந்து இந்த வேலையும், பொழுதைக் குறிக்கும் வேளையும் வந்தன. உழைப்பைக் குறிக்கப் பழந்தமிழில் வினை, தொழில், பணி ஆகிய சொற்களே பெரிதும் வழங்கின. அப்பொருளில் வேலை பெருவழக்கானது பிற்காலத்தில்தான். இன்றோ உத்தியோகம், வீட்டுப்பணி, கைத்திறன், நேரம் பிடிக்கும் எந்தச் செயலும் வேலைதான்.

இயற்பியலில் இதற்கு ஈடான சொல் தோன்றியது பொறிகளின் தேவையால். நீர் நிறைந்த சுரங்கங்களிலிருந்து தண்ணீரை இறைக்கும் எந்திரங்களை ஒப்பிட, எவ்வளவு எடையை எவ்வளவு உயரம் தூக்கியது என்ற அளவே பொறியாளர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எடையையும் உயரத்தையும் பெருக்கினால் பொறியின் பயன் தெரிந்துவிடும். அந்த அளவை விசைக்கும் தொலைவுக்கும் பொதுவாக்கி, உழைப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாலேயே 1829இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிவியலாளர் கொரியோலிஸ். எனவே அறிவியலில் வேலையின் முதல் உருவம் தூக்குதலே. தமிழில் ‘தூக்கு’ என்பது உயர்த்துவதையும் எடையிடுவதையும் ஒருங்கே சுட்டும். ‘தூக்கிச் செயல்’ என்று வள்ளுவர் சொல்லும்போது அது எண்ணி எடைபோடுவதையும் சுட்டுகிறது. வேலைப் பாடத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

வேலை என்பது விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் இடம்பெயர்ந்த தொலைவையும் பெருக்கி வருவது. ஒரு நியூட்டன் விசை தன் திசையில் ஒரு மீட்டர் நகர்த்தினால் நடந்தது ஒரு ஜூல் வேலை. பத்து கிலோகிராம் பையை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 98 நியூட்டன் விசையும் 147 ஜூல் வேலையும் வேண்டும். அதே பையைத் தோளில் வைத்துச் சமதரையில் ஒரே சீராக நடந்தால், தோள் பையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, நகர்வு கிடைமட்டமானது. அந்த விசை செய்யும் வேலை சுழியம். கயிற்றில் கட்டிச் சீராகச் சுழற்றும் கல்லின் மீது கயிற்றின் விசை வேலை செய்யாததும் இதனால்தான். ஓடும் மிதிவண்டியில் தடையைப் பிடித்தால், உராய்வு விசை நகர்வுக்கு எதிர்த்திசையில் செயல்பட்டு எதிர்க்குறி கொண்ட வேலையைச் செய்கிறது. இழந்த இயக்க ஆற்றல் சக்கர விளிம்பிலும் தடைக்கட்டையிலும் வெப்பமாகிறது. தொட்டுப் பார்த்தால் தெரியும்.

விசையையும் வேலையையும் பிரித்துக் காட்டுவதற்குச் சாய்தளத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 60 கிலோகிராம் பெட்டியை ஒரு மீட்டர் உயரத்தில் நேராக ஏற்ற 588 நியூட்டன் விசை தேவை. மூன்று மீட்டர் நீளமுள்ள சாய்பலகை வழியே தள்ளினால், உராய்வு இல்லை என்று கொண்டால், 196 நியூட்டன் போதும். விசை மூன்றில் ஒரு பங்காகிறது, தொலைவு மூன்று மடங்காகிறது, வேலை இரண்டிலும் 588 ஜூல். ‘வேலை எளிதாகிவிட்டது’ என்று நாம் சொல்வது இங்கே அறிவியல்படி பிழை, எளிதானது விசை.

வேலைக்கு மாற்றாக வேறு தூய சொல்லை ஆளலாமா என்று கேட்போர் உண்டு. வினையை இலக்கணமும் வேதியியலும் தமக்கெனக் கொண்டுவிட்டன. பணி என்பதில் பணிதல் கலந்திருக்கிறது. தெலுங்கு ‘பனி’ என்றும் கன்னடம் ‘கெலச’ என்றும் வீட்டுச் சொற்களையே அறிவியலுக்கும் கொடுத்திருப்பதைப் பார்த்தால், வேலையை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் முடிவு. ஆற்றல் என்ற சொல் இதனோடு அழகாக இணைகிறது: ஆற்றுதல் என்றால் செய்தல்; செய்வதற்கான இயலுமை ஆற்றல். இலங்கையில் ஆற்றலைச் சக்தி என்றும், வேலை நடக்கும் வீதமாகிய திறனை வலு என்றும் சொல்வர். பெரிதும் எச்சரிக்கை வேண்டுவது நிறை என்ற சொல்லில்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை கிலோகிராமில் அளக்கப்படும் பொருளளவு. இலங்கைப் பாடநூலில் அது நியூட்டனில் அளக்கப்படும் ஈர்ப்பு விசை, பொருளளவுக்கு அங்கே திணிவு என்று பெயர். இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் இதை அறியாவிட்டால் ஒவ்வொரு கணக்கிலும் தடுமாறுவார்.

பையைப் பிடித்து நின்ற மாணவருக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அவர் களைத்தது உண்மை. கை அசையாமல் இருந்தாலும், தசையிழைகளுக்குள் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதும் விடுவதும் மீண்டும் பற்றுவதுமாக இயங்கிக்கொண்டே இருந்தன. உணவிலிருந்து வந்த ஆற்றல் அங்கே செலவாகி வெப்பமாயிற்று. அதே பையைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டினால், கொக்கி எந்த ஆற்றலும் செலவிடாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆகவே அவரிடம் ‘நீ வேலை செய்யவில்லை’ என்று சொல்லக் கூடாது. இயற்பியலில் வேலைக்கு எழுவாய் மனிதர் அல்லர், விசை. ‘உன் கை பையின் மீது செலுத்திய விசை, பை நகராததால், பையின் மீது செய்த வேலை சுழியம்’ என்பதே சரியான வாக்கியம். நீளமானதுதான், ஆனால் அதில் அந்த மாணவர் மறுப்பதற்கு எதுவும் இல்லை.