டிக்கட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்க்காதீர்கள்

போன கிழமை நடுச்சாமம் லண்டனில் இருந்து அழைப்பு. மகளின் பிள்ளையைப் பார்க்க மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் இருந்து போன அம்மா, ஹீத்ரோவில் இறங்கியதும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சீனி வருத்தக்காரர். குளிசையெல்லாம் ஏற்றிவிட்ட பெரிய பெட்டிக்குள். மகனைக் கேட்டேன். "ஒரு மணிக்கு ஏறினா ஆறரைக்கு இறங்கிருவாதானே அண்ணன், அஞ்சரை மணித்தியாலத்துக்கு என்னத்துக்குக் குளிசை?"

இந்தக் கணக்கை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தம்பி, ஏறும் நேரம் கொழும்பு மணிக்கூடு. இறங்கும் நேரம் லண்டன் மணிக்கூடு. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே மட்டக்களப்புக் கல்லடியில் நடுச்சாமம் பன்னிரண்டு. அம்மா ஆகாயத்தில் இருந்தது 11 மணித்தியாலம்.

இதே ஆட்கள்தான் மெல்போர்ன் டிக்கட்டைப் பார்த்துவிட்டு, "பதினாறு மணித்தியாலமா, அவ்வளவு தூரமா?" என்று பயப்படுவார்கள். இரவு 12:10க்கு ஏறி மாலை 4:10க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும், அதனால் வந்த பயம். உண்மையில் கொழும்பில் இருந்து லண்டன் நேர்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர், மெல்போர்ன் 8,350. லண்டன்தான் கொஞ்சம் தூரம்! மெல்போர்ன் பறப்பு பத்தரை மணித்தியாலம்தான், மீதி மணிக்கூட்டு வித்தியாசம். (அந்த 12:10க்கு முதல் நாள் இரவே விமான நிலையத்தில் நிற்கவேண்டும். மறுநாள் இரவு பெட்டியோடு வந்து நின்றவர்களும் உண்டு.)

1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி, 2006இல்தான் பழையபடி ஆக்கியது. பத்து வருசம் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத் திரிந்த ஆட்கள் நாம். நமக்கா இது விளங்காது?

டிக்கட்டில் பயண நேரம் என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதைப் பாருங்கள், போதும். கழிக்க வேண்டாம். அதோடு பறக்கும் நேரம் மட்டும் பயணம் இல்லை. மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போக ஏழு மணித்தியாலம் வையுங்கள், இரவில் வெலிக்கந்தைப் பக்கம் யானை மறித்தால் இன்னும் கூடும். அங்கே மூன்று மணித்தியாலம் முன்னுக்கு நிற்கவேண்டும். இறங்கியபிறகு குடிவரவு வரிசை. அந்த அம்மா விடிய மூன்று மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். மகள் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆகும்.

குளிசை, இன்சுலின், வைத்தியர் எழுதித் தந்த மருந்துத் துண்டு எல்லாம் கைப்பையில். இன்சுலினைப் பெட்டியில் போடவே கூடாது, கீழ்த்தளக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். எந்த மணிக்கு எந்த மருந்து என்பதைப் போகுமுன் கிளினிக்கில் கேட்டு, கொழும்பு நேரத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் கைமணிக்கூட்டை லண்டனில் இறங்கும்வரை மாற்றவேண்டாம்.